கணக்குப் பிசகும் கூட்டுறவு நாணயமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்ததை அளந்தபடி எழுதி வைப்பதும் அதில் அடங்கும் என்று நான் பொருள் கொள்கிறேன். கூட்டுறவுச் சங்கம் என்பது கட்டடமன்று, பெயர்ப் பலகையுமன்று. பலருடைய சிறு பொருள் ஓரிடத்தில் சேர்ந்து, இன்னாருக்கு இவ்வளவு என்று ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறதே, அதுதான் சங்கம். ஏடு தவறினால் சங்கம் தவறும். ஆகையால், கணக்கில் பிசகு நேராமல் காப்பது எவ்வாறு என்பதை அங்கத்தினர்களாகிய நாம் சிந்திக்க வேண்டும். அது காரியதரிசியும் குமாஸ்தாவும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுங்கியிருத்தல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன் வட சென்னைப் பகுதியில் ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நான் அப்போது அதன் நிர்வாகக் குழுவில் ஒருவனாக இருந்தேன். நெசவினால் பிழைத்துவந்த அங்கத்தினர் ஒருவர், கணவரை இழந்தவர், மூன்று தவணைகளைச் சேர்த்து 4,500 ரூபாய் செலுத்தினார். ரசீதும் பெற்றுக்கொண்டார். அவருடைய அங்கத்தினர் எண் 2741. கணினியில் பதிந்தபோது 2471 என்று எண் மாறிவிட்டது. தீயூழ் என்னவென்றால், 2471-ஆம் எண்ணுக்குரியவரும் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உடையவர். திரையில் தோன்றிய பெயர் சரியாகவே இருந்தமையால் எவருக்கும் ஐயம் எழவில்லை. ரொக்கம் சரியாக இருந்தது. ஐந்தொகை ஒரு பைசா வேறுபாடின்றி நேராயிற்று. தணிக்கையிலும் குறை காணப்படவில்லை.

ஆண்டு முடிவில் தவணை தவறியோர் பட்டியல் ஒன்று தயாராயிற்று. அந்த அம்மையாரின் பெயர் அதில் ஏறியது. பட்டியலில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். அறிவிப்பைக் கண்ட அவர், அரிசி டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த ரசீதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். "கணினியில் ஏறவில்லையே, அம்மா" என்ற விடையே மூன்று முறையும் கிடைத்தது. பிசகு கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு மாதங்கள் சென்றன. அதற்குள் அவருக்குக் கிடைக்க வேண்டிய புதிய கடன் கிடைக்காமற் போயிற்று. தெருவில் அவர் நாணயம் பேசுபொருளாயிற்று. பதிந்த குமாஸ்தா கை சுத்தமானவர், கவனமும் உள்ளவர். அப்படியானால் குற்றம் எங்கே இருந்தது? எங்கள் ஏற்பாட்டில் இருந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டவுடன் இரண்டு அபிப்பிராயங்கள் எழுவது வழக்கம். கண்டிப்பான குமாஸ்தாவை நியமித்தால் பிசகு வராது என்பது ஒன்று. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் பிசகு வராது என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகளே. மனிதக் கண் களைக்கும். நாளொன்றுக்கு இருநூறு ரசீது பதிபவர் ஓரிடத்தில் இலக்கம் மாற்றி எழுதுவது இயற்கை. கணினியோ கூட்டலில் தவறாது. ஆனால் தவறாகக் கொடுத்ததைத் தவறின்றிக் கூட்டித் தரும். ஆகையால் பிசகை, அது எழுதப்படும் கணத்திலேயே, எழுதுகிற இடத்திலேயே மறித்து நிறுத்தும் விதிகள் வேண்டும். இதுவே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் சாலையில் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அதனால் நேரும் தாமதத்தை நொந்தும் இருக்கிறோம். அடுத்த முறை அவ்வாறு நிற்க நேரும்போது அப்பெட்டிகளின் மேல் எழுதப்பட்டுள்ள எண்ணைக் கவனியுங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், அவற்றுக்குப் பின் பெரும்பாலும் ஒரு சிறு கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அக்கட்டத்தில் இருப்பது பெட்டியின் எண்ணைச் சேர்ந்ததன்று. எண்ணைக் காக்கும் காவலன். எழுத்துகளுக்கெல்லாம் ஒரு மதிப்பு உண்டு. அம்மதிப்புகளையும் இலக்கங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே அந்தச் சோதனை இலக்கம். மீதி 10 ஆனால் 0 என்று இடுவர். துறைமுக வாயிலில் எண்ணைப் பதிபவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்தாலோ, இரண்டை இடம் மாற்றினாலோ, அநேகமாக எல்லாத் தருணங்களிலும் மீதி பொருந்தாது. கணினி அந்த எண்ணை ஏற்காது. உலகத் துறைமுகங்கள் யாவும் ஏற்ற தர விதி இது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கமும் இவ்வாறு அமைந்த சோதனை இலக்கமே.

இதே காவலை நம் அங்கத்தினர் எண்ணுக்கும் வைக்கலாம், செலவு ஒன்றுமில்லை. 2741 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை முறையே 2, 3, 4, 5 ஆகியவற்றால் பெருக்கினால் 4, 21, 16, 5 ஆகும், கூட்டினால் 46. அதை 11-ஆல் வகுக்க மீதி 2. எனவே பாஸ் புத்தகத்தில் 2741-2 என்று அச்சிட வேண்டும். மீதி 10 வரும் எண்களை எவருக்கும் வழங்காமல் விட்டுவிடலாம். இனி ஒருவர் தவறி 2471-2 என்று அடித்தால், 4, 12, 28, 5 சேர்ந்து 49, மீதி 5. இரண்டு எங்கே, ஐந்து எங்கே! பதிவு அங்கேயே நின்றுவிடும். மேலே கூறிய அம்மையாரின் எட்டு மாத அலைச்சலை இந்த ஓர் இலக்கம் தடுத்திருக்கும்.

அடுத்துக் கணக்கு எழுதும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு வரவுக்கும் சமமான பற்று உண்டு என்னும் இரட்டைப் பதிவு முறையை 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூக்கா பச்சோலி விளக்கினார். அந்தப் பழைய முறையையே கணினியில் மிக எளிய வடிவில் எழுதும் வழக்கம் ஒன்று இந்த நூற்றாண்டில் பரவியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் ஜான் வீக்லி என்பவர் வெளியிட்ட 'லெட்ஜர்' என்னும் நிரலும், அதன் வழியில் பின்னர் வந்த 'எச்லெட்ஜர்', 'பீன்கவுண்ட்' ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. இவற்றில் கணக்கு, நாள்வழிக் குறிப்பேடு போலச் சாதாரண எழுத்தாகவே இருக்கும். எவரும் திறந்து படிக்கலாம். எந்தக் கணினியிலும் படிக்கலாம். நிரல் விற்றவர் கடையை மூடிவிட்டாலும் ஏடு நம்மிடமே இருக்கும். ஒரு பதிவு இப்படி அமையும்:

2025-07-14 நூல் கொள்முதல், ரசீது 118
  சரக்கு:நூல்:40-ஆம் நம்பர்    18,400.00
  ரொக்கம்    -18,400.00

இரு வரிகளையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் நிரல் கணக்கை ஏற்க மறுக்கும். இது நல்ல காவல்தான். ஆனால் இதனை மட்டுமே நம்புவோர் ஏமாறுவர். 18,400 என்பதை இரு வரியிலும் 14,800 என்று எழுதினாலும் கூட்டல் பூஜ்யமே. ஒரு பதிவை முழுவதும் எழுதாமல் விட்டாலும், இருமுறை எழுதினாலும், ஒருவர் கணக்கில் போட வேண்டியதை மற்றொருவர் கணக்கில் போட்டாலும் ஐந்தொகை சிரித்த முகத்துடன் நேராகவே நிற்கும். ஆகையால் மேலும் சில காவல்கள் தேவை.

முதலாவது, கணக்குத் தலைப்புகளை முன்கூட்டியே அறிவித்துவிடுதல். 'நூல்' என்று ஒரு நாளும் 'நூல்கள்' என்று மறு நாளும் எழுதினால், நிரல் இரண்டையும் வெவ்வேறு கணக்குகளாகக் கொண்டு, சரக்கை இரு கூறாக்கிவிடும். பீன்கவுண்டில், திறந்து அறிவிக்கப்படாத கணக்கில் எழுதவே முடியாது. மற்ற இரண்டிலும் கண்டிப்பு முறையை நாமே வேண்டிப் பெறலாம். அவ்வாறு பெறாமல் எழுதுவது வாசற்கதவைத் திறந்துவைத்துக் காவற்காரனை உறங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தொகையை இரு வரியிலும் எழுதுதல். இந்நிரல்களில் ஒரு வரியின் தொகையை எழுதாமல் விட்டால் நிரலே அதனை நிரப்பிக்கொள்ளும். இது வசதிதான், ஆனால் இவ்வசதியைப் பயன்படுத்திய கணத்தில், சரிபார்க்கும் வேலையையும் நாம் கைவிட்டவர்களாகிறோம். எழுதிய தொகை எதுவானாலும் மறு பக்கம் அதற்குத் தக்கபடி நிரம்பிவிடும் அல்லவா? சிறு சோம்பல் பெரும் பிசகுக்குத் தாயாகிறது.

மூன்றாவது, எண்களை எழுதும் விதத்தை முதலிலேயே தீர்மானித்தல். நாம் 1,000 என்று காற்புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் காற்புள்ளி பின்னத்தைக் குறிக்கும். தசமக் குறி எது என்று அறிவிக்காவிட்டால், எச்லெட்ஜர் நிரல் நாம் எழுதிய 1,000 என்பதை ஒன்று என்றே கொண்டுவிடக்கூடும். ஆயிரம் ரூபாய் ஒரு ரூபாயாகிவிடும்! அளவைகளுக்கும் இவ்விதி பொருந்தும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாய அங்கத்தினர்களுக்கு இது நன்கு விளங்கும். முன்பு 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-இல் 45 கிலோவாயிற்று. பழைய பழக்கத்தில் மூட்டையை ஐம்பதால் பெருக்கி எழுதினால், கிடங்கில் இல்லாத உரம் ஏட்டில் முளைக்கும். மூட்டை என்றால் மூட்டை, கிலோ என்றால் கிலோ என்று அளவைப் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். இந்நிரல்கள் ரூபாயை மட்டுமன்றி நூல் கட்டையும் உர மூட்டையையும் தனித்தனியே எண்ணவல்லவை.

நான்காவதாகக் கூறுவதே யாவற்றினும் முக்கியமானது: இருப்பை உறுதிமொழியாக எழுதுதல். 'இன்று மாலை ரொக்கப் பெட்டியில் எண்ணிப் பார்த்த தொகை இவ்வளவு. கிடங்கில் 40-ஆம் நம்பர் நூல் 62 கட்டு. வங்கி அறிக்கைப்படி இருப்பு இவ்வளவு' என்று கணக்கினுள்ளேயே ஒரு வரி எழுதிவைக்கலாம். எழுதிய பதிவுகளின்படி வரும் இருப்பு அதனோடு ஒவ்வாவிட்டால் நிரல் அவ்விடத்திலேயே நின்று, வேறுபாடு இவ்வளவு என்று கூறும். இரட்டைப் பதிவு ஏட்டை ஏட்டோடு ஒப்பிடுகிறது. இருப்பு உறுதிமொழியோ ஏட்டை உலகத்தோடு ஒப்பிடுகிறது. இதனை நாள்தோறும் எழுதினால் பிசகைத் தேட வேண்டிய இடம் ஒரு நாளாகச் சுருங்கும்; ஆண்டுக்கு ஒருமுறை எழுதினால் ஓர் ஆண்டு முழுவதையும் துழாவ வேண்டும். வேறுபாடு 900, 270 என்றாற்போல 9-ஆல் வகுபடுமாயின், இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்கர் உடனே ஊகிப்பர். 5,400-க்கு 4,500 எழுதினால் வேறுபாடு 900 அன்றோ? அவ்வாறின்றி, வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் தள்ளி ஏட்டை மூடுவது, தரைவிரிப்பின் கீழ் தேளை விட்டுப் படுப்பது போன்றதாகும்.

ஐந்தாவது, இரண்டு கைகள். மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கிய காலத்தில், கப்பலின் சார்பில் ஒருவரும் கரையின் சார்பில் ஒருவரும் நின்று தனித்தனியே எண்ணுவது துறைமுக வழக்கம். அதனால் ஒருவரையொருவர் நம்பவில்லை என்று பொருளன்று. இருவர் தனித்தனியே ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வது அரிது என்பதே அதன் தத்துவம். நம் சங்கங்களில் ஒருவர் பதியட்டும். மற்றொருவர் அன்றைய ரசீதுக் கட்டைத் தனியே கூட்டி, எண்ணிக்கையும் மொத்தமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். பத்து நிமிட வேலை.

எச்சரிக்கையை மதிக்கும் பழக்கமும் இவற்றோடு சேர்ந்தாலன்றிப் பயனில்லை. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் டோக்கியோப் பங்குச் சந்தையில், மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தார் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்கக் கருதி, 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாகப் பதிந்துவிட்டனர். கணினி எச்சரித்தது, எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. நஷ்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென். அடிக்கடி வீணாக எச்சரிக்கும் யந்திரத்தின் சொல்லை மனிதர் கேளாமற்போவது இயல்பு. ஆகையால் சோதனைகள் சிலவாக இருக்கட்டும். இருப்பவை, திருத்தினாலன்றி மேலே செல்லவிடாதவையாக இருக்கட்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. யந்திரம் சொன்னதே வேதம் என்று கொள்வது அதனினும் பெருந்தீங்கு. இங்கிலாந்தில் 'ஹொரைசன்' என்னும் கணக்கு நிரல், தன் குறைபாட்டினால், கிளை அஞ்சலகங்களில் இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டிற்று. 1999 முதல் 2015 வரை அதனை ஆதாரமாகக் கொண்டு 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் வீட்டை விற்றுப் பணம் கட்டினர். சிலர் சிறை சென்றனர். 2019-இல் உயர் நீதிமன்றம் அந்நிரல் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2024-இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. "கணினியில் ஏறவில்லையே, அம்மா" என்று நாங்கள் சொன்ன விடையும் இதே மனப்பான்மையைச் சேர்ந்ததுதான் என்பதை எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரசீதும் திரையும் மாறுபட்டால், முதலில் திரையையே சந்தேகிக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

இவையெல்லாம் இன்று ஏன் அவசரமாகின்றன? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்றது. வரவேற்கத்தக்க காரியம். எனினும், பழைய ஏட்டிலிருந்து புதிய யந்திரத்துக்கு இருப்புகளை மாற்றும் வேளையே பிசகுக்கு மிக வாய்ப்பான வேளை. தொடக்க இருப்பில் புகுந்த பிழை ஆண்டுதோறும் வட்டியோடு வளரும். ஆகவே எந்த நிரலை மேற்கொண்டாலும், மாற்றும் நாளில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவர் கணக்கிருப்பை எழுதிக் கொடுத்து, 'சரி' என்று அவரிடம் கையொப்பம் பெற வேண்டும். பின்னர்ப் பிழை கண்டால் அழித்து எழுதலாகாது. தவறிய பதிவை அப்படியே விட்டு, எதிர்ப்பதிவு ஒன்றால் நீக்கி, சரியானதைக் காரணத்தோடு புதிதாக எழுத வேண்டும். தவறு தெரிவதில் அவமானமில்லை, மறைவதில்தான் அவமானம்.

முடிவாக ஒன்று. திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டையின் பெயர், 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் பெயரின் திரிபு. கும்பினியாருக்குத் துணி நெய்வதற்காக நெசவாளரைக் குடியேற்றி அவர் அமைத்த ஊர் அது. முன்பணம் பெற்றுத் துணியால் கடன் தீர்ப்பது அந்நாளைய ஏற்பாடு. நெய்தவர் கை தறியில் இருந்தது. கணக்கு எழுதிய கை வேறொருவருடையது. எவ்வளவு பெற்றோம், எவ்வளவு தீர்த்தோம் என்பதைத் தாமே சரிபார்க்க இயலாதவர் கடனிலிருந்து மீள்வது எங்ஙனம்? அந்த ஏட்டை நம் கைக்குக் கொண்டுவரவே கூட்டுறவு பிறந்தது. நாம் பார்க்காத ஏடு மீண்டும் பிறர் ஏடாகிவிடும். அது கணினியில் இருந்தாலும் அப்படியே.

எனவே, அடுத்த பொதுப் பேரவையில் ஒவ்வொரு சங்கத்து அங்கத்தினரும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். நம் அங்கத்தினர் எண்ணுக்குச் சோதனை இலக்கம் உண்டா? ரொக்கமும் சரக்கும் எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணப்பட்டு ஏட்டோடு ஒப்பிடப்படுகின்றன? என் பாஸ் புத்தகமும் சங்கத்துப் பேரேடும் கடைசியாக ஒத்துப் பார்க்கப்பட்டது என்று? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் சங்கத்தில், ரசீதை அரிசி டப்பாவில் வைத்துக்கொண்டு எவரும் மூன்று முறை நடக்க வேண்டியிராது.